தவறான முகட்டில் உட்காரும் ரிசீவர்: பிஓசி சிக்னல்களைக் குழப்பமின்றிப் பிடிப்பது எப்படி

ஐரோப்பாவின் வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பான கலிலியோவில் ஒன்றின் இ1 சிக்னலை ஒரு ரிசீவர் பிடித்து வைத்திருக்கிறது. சிக்னலைச் சுமந்துவரும் ஊர்தி அலை பூட்டிவிட்டது. தரவு பிட்டுகள் ஒழுங்காக வருகின்றன, பிட்டுகளில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் சிஆர்சி சோதனையும் ஒவ்வொரு முறையும் தேறுகிறது. டாப்ளர், அதாவது ஓட்டத்தால் வரும் அதிர்வெண் மாற்றம், சரி. சிக்னல் வலிமை 39 டெசிபெல்-ஹெர்ட்ஸ் என்கிறது. மரத்தடியில் நிற்பவருக்கு அந்த எண்ணைப் பார்த்துச் சந்தேகமே வராது. ஆனால் அளந்த தூரம் 154 மீட்டர் தப்பு. ஒரு நொடி தப்பிவிட்டு மறுநொடி திருந்துகிற வகையும் இல்லை. சிக்னல் அறுந்துபோகும்வரை அதே 154 மீட்டர் அப்படியே நிற்கும்.

இது இரைச்சல் செய்த வேலை அல்ல. கட்டடத்தில் பட்டுத் திரும்பிய அலைக்கும் இதில் பங்கில்லை. சிக்னலின் வடிவத்துக்குள்ளேயே இருக்கும் பொறி இது. ஏற வேண்டிய முகட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு முகடு இருந்தது, ரிசீவர் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கலிலியோவின் இ1, ஜிபிஎஸ்ஸின் எல்1சி, சீனாவின் பெய்டோ பி1சி, 2023 மே 29 அன்று ஏவிய என்விஎஸ்-01 முதல் இந்தியாவின் நாவிக்கில் சேர்ந்த எல்1 சிக்னல் எல்லாம் பிஓசி குடும்பம், அதாவது குறியீட்டைச் சதுர அலையால் பெருக்கி அனுப்பும் வகை. ஆகவே இந்தப் பொறி எல்லாவற்றிலும் உண்டு.

ஒற்றை முகடு இருந்த காலம்

பழைய ஜிபிஎஸ் சி/ஏ சிக்னலில் இந்தத் தொல்லை கிடையாது. 1023 சிப் (குறியீட்டின் ஒரு துடிப்பு) நீளமுள்ள குறியீடு ஒரு மில்லிநொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். ஒரு சிப்பின் நீளத்தைத் தூரமாக மாற்றினால் 293 மீட்டர். தரைக்கு வந்துசேரும் வலிமை ஏறத்தாழ மைனஸ் 128.5 டிபிஎம். 2 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலத்தில் இருக்கும் வெப்ப இரைச்சலோ மைனஸ் 111 டிபிஎம். அதாவது சிக்னல் இரைச்சலில் ஐம்பதில் ஒரு பங்குதான். அலைக்காட்டியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அதனால் ரிசீவர் தன்னிடமுள்ள அதே குறியீட்டின் பிரதியை நகர்த்தி நகர்த்தி, வந்ததோடு பெருக்கிக் கூட்டிப் பார்க்கும். இரண்டும் பொருந்தும் இடத்தில் கூட்டுத்தொகை எழும்பும். எத்தனை சிப் நகர்ந்தால் எவ்வளவு கூட்டுத்தொகை என்று வரைந்தால் சி/ஏ சிக்னலுக்கு ஒரு முக்கோணம் கிடைக்கும்: உச்சி 1, இருபுறமும் ஒரு சிப் தள்ளி பூஜ்யம். முக்கோணத்தின் எந்தச் சரிவில் கால் வைத்தாலும் மேலே ஏறிக்கொண்டே போனால் ஒரே உச்சிதான். கண் தெரியாதவர்கூட ஏறிவிடலாம்.

பிறகு சி/ஏ சிக்னல் வரும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் நெரிசலானது. அமெரிக்க ராணுவத்துக்குப் புதிய எம்-குறியீடு வேண்டியிருந்தது, ஐரோப்பாவுக்குக் கலிலியோ. நடுவில் உட்கார்ந்திருக்கும் சி/ஏ சிக்னலை மிதிக்கவும் கூடாது. கண்ட வழி எளிமையானது: குறியீட்டை ஒரு சதுர அலையால் பெருக்கிவிடுவது. பெருக்கியதும் ஆற்றல் நடுவிலிருந்து விலகி இரு பக்கமும் பிரிந்து நிற்கும், நடு இடம் பழையவருக்கு. இந்தப் பண்பேற்றத்தின் பெயர்தான் பிஓசி. அடைப்புக்குள் வரும் இரண்டு எண்களில் முதலாவது சதுர அலையின், அதாவது துணை அலையின், அதிர்வெண். இரண்டாவது சிப்களின் வேகம். இரண்டுக்கும் அலகு 1.023 மெகாஹெர்ட்ஸ். எம்-குறியீடு பிஓசி(10,5) என்றால் துணை அலை 10.23 மெகாஹெர்ட்ஸ், சிப் வேகம் நொடிக்கு 51.15 லட்சம். 2004 ஜூன் 26 அன்று அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பொதுமக்கள் சிக்னலுக்குப் பிஓசி(1,1) அடிப்படையானது.

கூர்மையும் குழப்பமும் ஒரே எண்

ஒரு சிப்புக்குள் துணை அலையின் அரைச் சுற்றுகள் எத்தனை அடங்குகின்றன என்று எண்ணுங்கள். முதல் எண்ணை இரண்டால் பெருக்கி இரண்டாம் எண்ணால் வகுத்தால் வந்துவிடும். பிஓசி(1,1)-க்கு 2, பிஓசி(10,5)-க்கு 4, நாவிக்கின் கட்டுப்படுத்தப்பட்ட சேவை பயன்படுத்தும் பிஓசி(5,2)-க்கு 5. பிரதியை அரைச் சுற்று நகர்த்தினால் சதுர அலை தலைகீழாகத் தன்மீதே மறுபடியும் பொருந்திக்கொள்ளும். அதனால் ஒவ்வோர் அரைச் சுற்றுக்கும் ஒரு முகடு, ஒன்று மேல்நோக்கி என்றால் அடுத்தது கீழ்நோக்கி. மொத்த முகடுகள், அரைச் சுற்று எண்ணிக்கையின் இருமடங்கில் ஒன்று குறைவு: பிஓசி(1,1)-க்கு 3, பிஓசி(10,5)-க்கு 7, பிஓசி(5,2)-க்கு 9.

இனி நடு முகட்டின் சரிவைக் கணக்கிடுங்கள். சி/ஏ முக்கோணம் ஒரு சிப்புக்கு 1 என்ற விகிதத்தில் இறங்கியது. பிஓசி(1,1) அரைச் சிப்புக்குள் 1-லிருந்து மைனஸ் 0.5-க்கு இறங்குகிறது. அதாவது ஒரு சிப்புக்கு 3. பிஓசி(10,5)-இல் கால் சிப்புக்குள் 1-லிருந்து மைனஸ் 0.75-க்கு, ஒரு சிப்புக்கு 7. முகடுகளின் எண்ணிக்கையும் சரிவின் அளவும் ஒரே எண்ணாக வருவது தற்செயல் அல்ல. சரிவு செங்குத்தானால்தான் இரைச்சலுக்கு நடுவில் உச்சியின் இடத்தை நுட்பமாகச் சொல்ல முடியும். அந்தச் செங்குத்தைக் கொடுப்பது துணை அலையின் விரைவான ஏற்ற இறக்கம். பக்க முகடுகளை உண்டாக்குவதும் அதே ஏற்ற இறக்கம்தான். கூர்மையை வாங்கினால் குழப்பமும் கூடவே வரும். பின்னால் பார்க்கப்போகும் வைத்தியங்கள் எல்லாம், இந்த இரண்டையும் எந்த விலைக்குப் பிரிக்கிறோம் என்பதில்தான் வேறுபடுகின்றன.

பக்க முகடு எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் என்பதுதான் சிக்கலின் அளவு. பிஓசி(1,1)-இல் பக்க முகடு பாதி உயரம், ஆற்றலில் கால் பங்கு, அதாவது 6 டெசிபெல் கீழே, தூரம் 146.5 மீட்டர். பிஓசி(5,2)-இல் முதல் பக்க முகடு 5-க்கு 4 உயரம், 1.9 டெசிபெல்தான் கீழே, தூரம் 29.3 மீட்டர். பிஓசி(10,5)-இல் 4-க்கு 3, 2.5 டெசிபெல் கீழே; தூரம் 14.7 மீட்டர். பக்கத்தில் நிற்பவன் உயரமாகவும் நெருக்கமாகவும் ஆக ஆக, ஆள் மாறிப்போவது எளிதாகிறது.

தேடும்போதே தொடங்கும் தவறு

பெரும்பாலான பொய்ப் பூட்டுகள் பின்தொடரும்போது பிறப்பதில்லை. தேடலில் பிறந்து, பின்தொடர்தலில் வளர்கின்றன.

சி/ஏ சிக்னலை அரைச் சிப் படிகளில் தேடுவது வழக்கம். மிக மோசமான நிலையில் உண்மையான உச்சி இரண்டு படிகளுக்கு நடுவில், கால் சிப் தள்ளி விழும். முக்கோணத்தில் அங்கே உயரம் 0.75, இழப்பு 2.5 டெசிபெல், பொறுத்துக்கொள்ளலாம். அதே அரைச் சிப் படியைப் பிஓசி(1,1)-க்கு வைத்தால் என்ன ஆகிறது? உச்சியிலிருந்து கால் சிப் தள்ளி உயரம் 0.25. இழப்பு 12 டெசிபெல். அதைவிடக் கேடு, முக்கால் சிப் தள்ளிய படியிலும் உயரம் அதே 0.25. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என நான்கு கட்டங்கள் அச்சு அசலாக ஒரே உயரத்தில் நிற்கும். எது ஜெயிக்கும் என்பதை இரைச்சல் தீர்மானிக்கும். வெளிப்புறக் கட்டம் ஜெயித்தால் ரிசீவர் பக்க முகட்டின் சரிவில் இறக்கிவிடப்பட்டது என்று பொருள்.

சி/ஏ-வின் அதே 2.5 டெசிபெல் இழப்புக்குள் நிற்க வேண்டுமானால் பிஓசி(1,1)-இல் படியை ஆறில் ஒரு சிப்பாகக் குறைக்க வேண்டும். கால் சிப் என்றால் இழப்பு 4.1 டெசிபெல், பலரும் இங்கே சமரசம் செய்துகொள்கிறார்கள். கலிலியோ இ1 குறியீட்டின் நீளம் 4092 சிப், 4 மில்லிநொடி. ஆறில் ஒரு சிப் படியில் 24,552 இடங்கள். சேர்த்துக் கூட்டும் நேரம் 4 மில்லிநொடி என்பதால் டாப்ளர் படியும் 125 ஹெர்ட்ஸாகச் சுருங்கும். கூட்டல் குறைத்தல் 5 கிலோஹெர்ட்ஸுக்குள் 81 படிகள். மொத்தம் ஏறத்தாழ 19.9 லட்சம் கட்டங்கள். சி/ஏ-க்கு 2046 இடமும் 500 ஹெர்ட்ஸ் படியில் 21 டாப்ளரும் சேர்ந்து 43 ஆயிரம்தான். 46 மடங்கு வேலை. ஃபூரியர் உருமாற்றத்தால் ஒரே வீச்சில் எல்லா இடங்களையும் பார்த்துவிடலாம் என்றாலும், மாதிரி வேகமும் நினைவகமும் சும்மா வருவதில்லை.

உருமாற்ற முறையில் இன்னொரு குழி இருக்கிறது. இ1-இன் தரவுப் பகுதியில் ஒவ்வொரு 4 மில்லிநொடிக்கும் ஒரு புதிய குறி வரலாம். தரவு சுமக்காத பைலட் பகுதியில் 25 சிப் நீள இரண்டாம் குறியீடு அதே வேலையைச் செய்கிறது. 4 மில்லிநொடித் துண்டை வட்டமாகச் சுற்றி உருமாற்றினால், துண்டின் நடுவில் குறி மாறும்போது இரண்டு பாதிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். உச்சி மறையும், அதன் இடத்தில் டாப்ளர் அச்சில் இரண்டாகப் பிளந்து நிற்கும். 8 மில்லிநொடி சிக்னலை எடுத்து, பிரதியின் பின்பாதியைப் பூஜ்யங்களால் நிரப்பி உருமாற்றுவது பழகிய தீர்வு.

முதல் உச்சியை இரண்டாம் உச்சியால் வகுத்து, விகிதம் போதுமான அளவு இருந்தால் 'கிடைத்தது' என்று அறிவிக்கும் மென்பொருள் ரிசீவர்கள் உண்டு. சி/ஏ-க்கு எழுதிய அந்த நிரலை அப்படியே இ1-க்கு ஓட்டினால், இரண்டாம் உச்சியாகப் பக்க முகடே வந்து நின்று விகிதத்தைக் கெடுக்கும். உச்சியின் இருபுறமும் ஒரு முழுச் சிப்பை ஒதுக்கிவிட்டு, அதற்கு வெளியே உள்ளதைத்தான் இரண்டாம் உச்சியாக எடுக்க வேண்டும். சின்ன வரி, ஆனால் விட்டுப்போனால் வலுவான சிக்னலையும் 'இல்லை' என்று சொல்லும்.

தேடலிலேயே குழப்பத்தைத் தவிர்க்க ஒரு பழைய வழி, பிஓசியைப் பார்த்தும் பாராததுபோல நடந்துகொள்வது. ஒரு பக்கப் பட்டையை மட்டும் வடிகட்டி, சதுர அலை இல்லாத வெறும் குறியீட்டை அந்தப் பட்டையின் அதிர்வெண்ணுக்கு நகர்த்தி ஒப்பிட்டால், பழைய முக்கோணம் போன்ற ஒற்றை முகடு கிடைக்கும். அரைச் சிப் படியே போதும். விலை என்னவென்றால், சதுர அலையின் ஆற்றலில் ஒரு பக்கத்து அடிப்படை அதிர்வெண்ணுக்குப் போவது 40 சதவீதம்தான், 3.9 டெசிபெல் இழப்பு. இரண்டு பக்கங்களையும் தனித்தனியாக ஒப்பிட்டு, வர்க்கங்களைக் கூட்டினால் அதில் ஒரு பகுதி திரும்பிவரும். பிஓசி(1,1)-இல் இரண்டு பட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்பதால் முக்கோணம் சற்றுக் கோணலாகவும் இருக்கும். திறந்த வானத்தில் தேடலுக்கு இது போதும். பின்தொடர்தலுக்கும் இதையே வைத்துக்கொண்டால், காசு கொடுத்து வாங்கிய கூர்மையைக் குப்பையில் போட்டதாகிவிடும்.

பூட்டிய பின் ஏன் தெரிவதில்லை

பின்தொடரும் குறியீட்டுக் கண்ணி (தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டு ஓடும் அமைப்பு) மூன்று பிரதிகளை வைத்திருக்கும்: கொஞ்சம் முந்தியது, நேரானது, கொஞ்சம் பிந்தியது. முந்தியதும் பிந்தியதும் சம உயரத்தில் இருக்கும்படி நேரானதை நகர்த்துவதே அதன் வேலை. அது சமநிலையை மட்டுமே தேடுகிறது. எந்த முகட்டின் மேல் சமநிலை என்று கேட்பதே இல்லை.

பிஓசி(1,1)-இன் பக்க முகட்டில் அந்தச் சமநிலை எங்கே அமையும் என்று போட்டுப் பார்க்கலாம். முகட்டின் உட்சரிவு ஒரு சிப்புக்கு 3, வெளிச்சரிவு 1. இரண்டும் சமமில்லாததால் சமநிலைப் புள்ளி முகட்டின் நுனியில் நிற்காமல், முந்தி-பிந்தி இடைவெளியில் கால் பங்கு வெளியே தள்ளி நிற்கும். இடைவெளி 0.1 சிப் என்றால் 0.525 சிப். 293-ஆல் பெருக்கினால் முதலில் சொன்ன அந்த 154 மீட்டர். இடைவெளி 0.25 சிப் என்றால் 165 மீட்டர். பதிவேட்டில் 146 என்ற எண்ணையே தேடிக்கொண்டிருப்பவர்கள் இதனால்தான் பொய்ப் பூட்டைத் தவறவிடுகிறார்கள்.

அந்தப் புள்ளியில் நேர்ப் பிரதியின் உயரம் 0.475, இழப்பு 6.5 டெசிபெல். 45.5 இருக்க வேண்டியது 39 ஆகத் தெரியும். ஒரு கிளை மறைத்தாலே அத்தனை இழப்பு வரும் என்பதால் எச்சரிக்கை மணி அடிக்காது. முகடு கீழ்நோக்கி இருப்பதாவது காட்டிக்கொடுக்காதா என்றால், அதுவும் இல்லை. ஊர்தி அலையைப் பின்தொடரும் காஸ்டாஸ் கண்ணிக்கு நேரும் தலைகீழும் ஒன்றே. எல்லாப் பிட்டும் தலைகீழாக வரும், முகப்புக் குறியைப் பார்த்து மென்பொருள் திருப்பிப் போட்டுக்கொள்ளும். எந்தச் செயற்கைக்கோளிலும் அன்றாடம் நடப்பதுதான் அது. ஊர்தி அலைக் கண்ணியிலிருந்து டாப்ளரை 1540-ஆல் வகுத்துக் குறியீட்டுக் கண்ணிக்கு உதவியாகக் கொடுப்பது நல்ல பழக்கம். அந்த உதவி, பொய்ப் பூட்டையும் அதே அக்கறையோடு தாங்கிப் பிடிக்கும்.

நிலைக் கணக்கில் பிடிபடுமா? 154 மீட்டர் என்றால் பிடிபடும். ஒரு தூரம் மற்றவற்றோடு ஒட்டவில்லை என்று அறிய 5 செயற்கைக்கோள்களும், எது என்று தனித்துச் சொல்ல 6-உம் வேண்டும். பிஓசி(10,5)-இன் 14.7 மீட்டர் அப்படியில்லை. நகரத் தெருவில் எதிரொலித்த சிக்னலும் அவ்வளவு தப்பும். அங்கே நிலைக் கணக்கை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

தாவிப் பார்ப்பதும் அழித்துவிடுவதும்

1999-இல் ஃபைன், வில்சன் இருவரும் முன்வைத்த முகடு தாவல் முறைதான் இதில் மூத்தது. நேரானதுக்கு அரைச் சுற்று முன்னாலும் அரைச் சுற்று பின்னாலும் கூடுதலாக இரண்டு கோரிலேட்டர்களை (பிரதியோடு பெருக்கிக் கூட்டிப் பார்க்கும் பகுதிகளை) வைக்கிறார்கள், பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பதுபோல. ஒவ்வொரு கூட்டலிலும் பக்கத்தது நேரானதைவிட உயரமாக இருந்தால் அந்தப் பக்கத்து எண்ணி ஒன்று ஏறும், இல்லையென்றால் ஒன்று இறங்கும். வரம்பைத் தொட்டதும் பிரதியை அந்தப் பக்கம் அரைச் சுற்று தூக்கிப் போட வேண்டும்.

பிஓசி(1,1)-க்கு இது அருமையாக வேலை செய்யும். 35 டெசிபெல்-ஹெர்ட்ஸில் 4 மில்லிநொடி கூட்டினால், ஒரு பக்கத்தோடு ஒப்பிடும் ஓர் ஒப்பீடு தவறாகப் போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. அதே நிலையில் பிஓசி(10,5)-க்கு ஏறத்தாழ 4, பிஓசி(5,2)-க்கு 5-க்கும் 6-க்கும் நடுவில். முகடுகளின் உயர வித்தியாசம் குறையும்போது வரம்பை உயர்த்த வேண்டியிருக்கும். வரம்பை உயர்த்தினால் திருந்துவதற்கு நேரமாகும். ஏழு முகடுகளில் கடைக்கோடியில் மாட்டியிருந்தால் ஒவ்வொன்றாகத் தாவி வர வேண்டும், அதுவரை தப்பான தூரம்தான் வெளியே போய்க்கொண்டிருக்கும். இறக்கை சாய்த்துத் திரும்பும் விமானத்துக்கு அது சரிப்படாது.

தாவும்போது பலரும் மறப்பது ஒன்று: அரைச் சுற்று தாவினால் நேர்ப் பிரதியின் குறி தலைகீழாகும். அந்தக் கணத்தில் ஊர்தி அலையின் கட்டத்தையும் (அலை தன் சுற்றில் நிற்கும் நிலையையும்) 180 பாகை திருப்பாவிட்டால், காஸ்டாஸ் கண்ணி பிழைத்துக்கொள்ளும், ஆனால் ஒரே தொகுதியாக வரும் தரவின் நடுவில் பிட்டுகள் புரண்டு அந்தத் தொகுதி முழுதும் சிஆர்சியில் விழும். பைலட்டில் முழுக் கட்டத்தைப் பார்க்கும் கண்ணி என்றால் ஒரு பெரிய குலுக்கலே வரும்.

இரண்டாவது வழி பக்க முகட்டை அழித்துவிடுவது. கால்கரி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஒலிவியே ஜூலியனும் அவருடன் சேர்ந்தவர்களும் 2004 வாக்கில் வெளியிட்ட ஆஸ்பெக்ட் முறை இதில் பேர்போனது. வந்த சிக்னலைப் பிஓசி பிரதியோடு ஒப்பிட்டு வர்க்கம் எடுக்க வேண்டும். சதுர அலை இல்லாத வெறும் குறியீட்டோடும் ஒப்பிட்டு வர்க்கம் எடுத்து, முதலாவதிலிருந்து கழிக்க வேண்டும். பிஓசி(1,1)-க்கு இரண்டாவது ஒப்புமை நடுவில் பூஜ்யம், அரைச் சிப்பில் பாதி உயரம். ஆகவே அரைச் சிப்பிலிருந்து ஒரு சிப் வரைக்கும் இரண்டு வர்க்கங்களும் சரிசமம், கழித்தால் துல்லியமாகப் பூஜ்யம். பக்க முகடு இருந்த இடமே தெரியாது. நடு முகடு உயரம் குறையாமல் நிற்கும். மிச்சம் இருப்பது எட்டில் மூன்று சிப் தள்ளி மைனஸ் 0.125 ஆழமுள்ள ஒரு பள்ளம். பள்ளத்தில் யாரும் ஏறி உட்கார முடியாது.

தாளில் இது இவ்வளவு அழகு. நிஜ ரிசீவரின் வடிகட்டி முகடுகளின் நுனிகளை மழுக்குவதால் இரண்டு வர்க்கங்களும் சரியாக ஈடுகட்டாமல் பக்கத்தில் சின்ன மேடு ஒன்று மிஞ்சும். கழிக்கும் பகுதியை 1-ஐவிடக் கொஞ்சம் கூடுதலான எண்ணால் பெருக்கிக் கழித்தால் அந்த மேடும் அமுங்கும், எவ்வளவு கூடுதல் என்பதை அந்த வடிகட்டியை வைத்தே பார்த்துக்கொள்ள வேண்டும். கழித்தலில் இரண்டு இரைச்சல்கள் சேர்வதால் வலுக்குறைந்த சிக்னலில் நடுக்கம் கூடும். எல்லாவற்றுக்கும் மேல், துணை அலையும் சிப்பும் ஒரே வேகத்தில் இருக்கும் சிக்னலுக்குத்தான் இந்தக் கணக்கு ஒத்துவரும். பிஓசி(10,5)-க்கு இதைக் கொண்டுபோனால் முகடுகள் அழியாது.

இரண்டு முள் உள்ள கடிகாரம்

எனக்கு இவற்றில் ஒழுங்கானதாகப் படுவது, இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் ஹாட்ஜார்ட், பிளன்ட் குழுவினர் 2007-இல் கொடுத்த இரட்டை மதிப்பீட்டு முறை. அது பக்க முகடுகளோடு சண்டை போடுவதில்லை.

பிஓசி என்பது குறியீடும் துணை அலையும் பெருக்கப்பட்டது. பிறகு ஏன் இரண்டுக்கும் ஒரே தாமதம் என்று கட்டிப்போட வேண்டும்? குறியீட்டுக்கு ஒரு கண்ணி, துணை அலைக்கு இன்னொரு கண்ணி, ஊர்தி அலைக்கு வழக்கமான கண்ணி என மூன்றாக ஓடவிடுகிறார்கள். குறியீட்டுக் கண்ணி பார்ப்பது பழைய ஒற்றை முக்கோணம்: தட்டையானது, ஆனால் சந்தேகமில்லாதது. துணை அலைக் கண்ணி பார்ப்பது முடிவில்லாத ரம்பப் பற்கள்: ஒவ்வொன்றும் செங்குத்து, எது எது என்று மட்டும் தெரியாது.

கடிகாரத்தின் மணி முள்ளும் நிமிட முள்ளும் இதே ஏற்பாடுதான். நிமிட முள் 10-இல் நிற்கிறது, மணி முள் 4-க்குக் கொஞ்சம் முன்னால். மூன்று ஐம்பது என்கிறோம். மணி முள்ளிலிருந்து எடுப்பது முழு எண் மட்டும், நுட்பம் எல்லாம் நிமிட முள்ளினது. அதுபோல, குறியீட்டுத் தாமதத்திலிருந்து துணை அலைத் தாமதத்தைக் கழித்து, அரைச் சுற்றின் நீளத்தால் வகுத்து, கிடைத்ததைப் பக்கத்து முழு எண்ணாக்கி, அத்தனை அரைச் சுற்றுகளைத் துணை அலைத் தாமதத்தோடு கூட்டினால் முடிந்தது. ஒற்றைப்படை எண் வந்தால் குறி தலைகீழ் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். தாவ வேண்டியதில்லை, எண்ணிக்கு வரம்பு வைக்க வேண்டியதில்லை; குறியீட்டுக் கண்ணி அடங்கியதும் முழு எண் தானாகச் சரியாகும். தேவைப்படும் கோரிலேட்டர்கள் ஒரு தடத்துக்கு, அதாவது ஒரு சிக்னலைப் பின்தொடரும் பகுதிக்கு, ஐந்து: இரண்டும் நேரானது ஒன்று, குறியீடு முந்தியது பிந்தியது, துணை அலை முந்தியது பிந்தியது. கட்டம் பார்த்துப் பிரித்தால் பத்து.

இதிலும் தவறு நேரும், அது மணி முள் சாய்ந்த கடிகாரத்தின் தவறு. இரண்டு முள்ளும் வேறு வேறு கண்ணிகள் என்பதால் வேறு வேறு அளவில் சாயலாம். முழு எண் தப்பாமல் இருக்க, இரண்டுக்கும் இடையிலான பிழை அரைச் சுற்றின் பாதிக்குள் நிற்க வேண்டும். பிஓசி(1,1)-க்கு அது 73 மீட்டர், குறியீட்டுக் கண்ணி அவ்வளவு தப்பவே தப்பாது என்று சொல்லலாம். பிஓசி(5,2)-க்கு 14.7. பிஓசி(10,5)-க்கு 7.3 மீட்டர்தான்; அங்கே சிப்பின் நீளம் 58.6 மீட்டர், சுவரில் பட்டு வந்த சிக்னல் ஒன்று குறியீட்டுக் கண்ணியை ஏழெட்டு மீட்டர் இழுத்துப்போவது நடக்கக்கூடியதே. அந்த நேரத்தில் முழு எண் இரண்டுக்கு நடுவில் ஊசலாடும். வந்த எண்ணை உடனே ஏற்காமல், வித்தியாசத்தைச் சில நொடிகள் சராசரி எடுத்த பிறகே முழு எண்ணாக்குவது இதற்கான தற்காப்பு. துணை அலைக் கண்ணி அறுபடாத வரைக்கும் முழு எண் மாறக் காரணமில்லை என்பதால், ஒருமுறை உறுதியானதைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

எம்பிஓசி கலவைகள்

2007 ஜூலை 26 அன்று அறிவித்த மாற்றப்படி இ1-உம் எல்1சி-யும் வெறும் பிஓசி(1,1) அல்ல. ஆற்றலில் பதினொன்றில் ஒரு பங்கை வேகமான பிஓசி(6,1)-க்குக் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கலவைதான் எம்பிஓசி. கலிலியோ இரண்டையும் கூட்டி ஒரே அலையாக அனுப்புகிறது. எல்1சி-யோ பைலட்டின் ஒவ்வொரு 33 சிப்பிலும் 4 சிப்பை மட்டும் பிஓசி(6,1)-ஆக மாற்றுகிறது. பைலட்டுக்கு முக்கால் பங்கு ஆற்றல் என்பதால் கணக்கு அதே பதினொன்றில் ஒன்றுக்கு வந்துவிடும். இதனால் நடு முகட்டின் நுனி இன்னும் கூர்மையாகிறது, பெரிய பக்க முகடுகள் ஏறத்தாழ பழைய இடத்திலேயே இருக்கின்றன. வேகமான பகுதியைப் பயன்படுத்த 14.3 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலம் வேண்டும். கைபேசி ரிசீவர்கள் 4 மெகாஹெர்ட்ஸ் அளவோடு நிறுத்தி, பிஓசி(1,1) பிரதியை வைத்தே வேலையை முடிக்கின்றன, இழப்பு 0.4 டெசிபெல்தான். மின்கலத்தில் ஓடும் கருவிக்கு அது சரியான முடிவு. கலிலியோ இ5-இன் ஆல்ட்பிஓசி(15,10) என்ற இன்னொரு பிஓசி வகையையும் பலர் இப்படியே கையாள்கிறார்கள்: 1176.45 மெகாஹெர்ட்ஸில் உள்ள கீழ்ப்பாதியைத் தனியாக வெட்டியெடுத்தால் அது குழப்பமே இல்லாத ஒற்றை முகட்டுச் சிக்னல்.

பெஞ்சில் சோதிப்பது

குழப்பம் தீர்ந்ததா என்பதைத் திறந்த வானத்தில் ஆண்டெனாவை வைத்துப் பார்த்து அறிய முடியாது. அங்கே தேடல் பெரும்பாலும் சரியாகவே இறங்கும், பிழை வெளியே வராது. சிமுலேட்டரில் சிக்னலைக் கொடுத்து, தேடலின் முடிவை வேண்டுமென்றே அரைச் சிப் நகர்த்தி, தடத்தைப் பொய் முகட்டில் பிறக்கவிட வேண்டும். 45, 35, 28 டெசிபெல்-ஹெர்ட்ஸ் மூன்றிலும், முன்னால் ஒருமுறை பின்னால் ஒருமுறை. திருந்த எவ்வளவு நேரம் என்பது ஓர் அளவு. மற்றொன்றை எடுக்க மறக்கிறார்கள்: சரியான முகட்டில் பிறந்த தடத்தை 28-இல் ஒரு மணிநேரம் ஓடவிட்டு, எத்தனை முறை தேவையில்லாமல் தாவியது என்று எண்ணுவது. தாவும் முறைகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் சோதனையில்தான் தோற்கும். பாலத்துக்கு அடியில் போவதுபோல் சிக்னலை இரண்டு நொடி அறுத்து மீண்டும் கொடுத்துப் பாருங்கள். டாப்ளர் உதவியோடு மிதந்து வந்த தடம் மறுபடி எந்த முகட்டில் இறங்குகிறது என்பதைப் பழைய உறுதியை நம்பாமல் புதிதாகக் கேட்க வேண்டும்.

இரட்டை மதிப்பீட்டு முறை வைத்திருந்தால் வடிகட்டியின் வெப்பநிலையையும் மாற்றிச் சோதிக்க வேண்டும். இரு பக்கப் பட்டைகளுக்கும் வடிகட்டி கொடுக்கும் தாமதம் சமமாக இருக்காது; அந்த வித்தியாசம் குறியீட்டுத் தாமதத்தையும் துணை அலைத் தாமதத்தையும் வேறு வேறாகத் தள்ளும், சூடு ஏறும்போது தள்ளலும் மாறும். அறை வெப்பநிலையில் ஒருமுறை அளந்து எழுதிவைத்த திருத்தத்தை வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் பயன்படுத்தினால், பிஓசி(10,5) போன்ற சிக்னலின் 7.3 மீட்டர் இடவசதியில் ஒரு பகுதி தொடங்கும்போதே போய்விட்டிருக்கும். எல்லாத் தடங்களும் ஒரே வடிகட்டி வழியாக வருவதால், உறுதியான தடங்களில் இந்த இரண்டு தாமதங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சராசரி எடுத்து, ஓடும்போதே திருத்திக்கொள்ளலாம். புதிதாக ஒரு செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து எழும்போது, அதன் முதல் முழு எண்ணை அந்தத் திருத்தத்தோடு எடுங்கள்.